பேராண்டியின் பாட்டும் கம்பெனியின் பேரேடும்

பாட்டுக்காரர்கள் தங்கள் இசைத்தொகுப்புகளுக்குப் பெயரிடுவதில் ஒரு வழக்கம் உண்டு. தம் பெயரையே கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்வார்கள். அல்லது அரசன், வீரன், சூரன் என்று ஏதேனும் ஒரு பட்டத்தைத் தாமே தமக்குச் சூட்டிக்கொள்வார்கள். அரக்கோணத்தைச் சேர்ந்த தோழர் அறிவு 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்புக்கு இட்ட பெயரோ 'வள்ளியம்மா பேராண்டி' என்பது. வள்ளியம்மா அவருடைய பாட்டியார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, அந்நாட்டுச் சட்டம் 'நீ இந்நாட்டாள் அல்லள்' என்று கைவிரித்த பின்னர், தமிழ்நாட்டுக்குத் திரும்பி நிலமற்ற கூலியாய் வாழ்ந்தவர். ஜமீன்தாரின் பேரன், மிராசுதாரின் பேரன், திவான் பகதூரின் பேரன் என்று மார்தட்டித் திரிந்தவர்களைச் சரித்திரம் நிரம்பக் கண்டிருக்கிறது. தோட்டக் கூலிப் பெண்ணின் பேரன் யான் என்று மேளங்கொட்டி அறிவித்தவர்களை அது அதிகம் கண்டதில்லை.

அரக்கோணத்துப் பாடகருக்கும் ஜொகூர்த் தோட்டத்துக் கிராணிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. 1909இல் ரயில்பாதை ஜொகூர் பாருவைத் தொட்டது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று அப்பாதை நெடுகக் காடு விழுந்து ரப்பர் எழுந்தது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை அதன் பின்னும் நீடித்தது. 1938இல் இந்திய சர்க்கார் கூலிகளை அனுப்புவதைத் தடுத்து நிறுத்தியது. இத்தனை ஆண்டுகளிலும் நம்மவர் வெட்டிய பாலுக்கு ராத்தல் கணக்கு இருந்தது. வந்த நாளுக்கும் வராத நாளுக்கும் செக்ரோல் இருந்தது. கொடுத்த அரிசிக்குப் பற்றுச்சீட்டு இருந்தது. வெட்டும்போது பாடிய பாட்டுக்கு மட்டும் எந்த ஆபீசிலும் கணக்குப் புத்தகம் இருந்ததில்லை. யார் பாடினார், யார் கட்டினார், யாரிடமிருந்து யார் கேட்டார் என்பவை பெரட்டுக் களத்துப் புழுதியோடு போயின. பாட்டுக்குக் கணக்கு வைத்தால் என்ன ஆகும், கணக்கு யார் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அறிவின் சரித்திரம் காட்டுகிறது. ஆகவே அது நம்முடைய சரித்திரமும் ஆகும்.

அறிவு பாடுவது சொல்லிசை. ஆங்கிலத்தில் ராப் என்பர். இராகத்தை இழுத்துப் பாடாமல், தாளத்தின் மேல் சொற்களை அடுக்கிப் பேசுவதே பாட்டாகிறது. நம்மவரில் சில அபிமானிகள், ராப் என்பது நமது வண்ணப் பாட்டுதான், அமெரிக்கன் அதைத் திருடிக்கொண்டான் என்று மேடையில் முழங்குகிறார்கள். விமானத்தையும் நாமே கண்டுபிடித்தோம் என்று சொன்னவர்களின் சீடர்கள் போலும்! உண்மை அதுவன்று. 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் தேதி, நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நடத்திய விருந்திலிருந்து அதன் பிறப்பைக் கணக்கிடுகிறார்கள். ஏழைக் கறுப்பர்கள், கையில் வாத்தியம் வாங்கப் பணமில்லாதவர்கள், பழைய இசைத்தட்டுகளையே வாத்தியமாக்கிக் கொண்டார்கள். அதன் வேரைத் தேடினால் பருத்தித் தோட்டத்து அடிமைகளின் ஏலேலோவில் போய் முடியும். எனவே தேயிலைத் தோட்டத்தின் பேரனுக்கும் பருத்தித் தோட்டத்தின் பேரனுக்கும் உள்ள உறவைத் திருட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. கடல் குறுக்கே கிடந்தாலும் லயம் ஒன்றே.

இந்தக் கலை பணம் பண்ணத் தொடங்கியது 1979இல். சுகர்ஹில் கம்பெனி வெளியிட்ட 'ராப்பர்ஸ் டிலைட்' என்னும் தட்டு உலகெங்கும் ஓடியது. அத்தட்டில் ஒருவர் பாடிய அடிகளில் பெரும்பகுதி அவருடையவை அல்ல. கிராண்ட்மாஸ்டர் காஸ் என்னும் வேறொரு பிராங்ஸ் கவிஞருடையவை. தட்டின் மேல் காஸின் பெயர் இல்லை. அடிப்படையாயிருந்த இசை 'ஷிக்' என்னும் குழுவினருடையது; அவர்கள் வழக்குப் போடுவோம் என்று மிரட்டிய பிறகே அவர்கள் பெயர் ஏறிற்று. வக்கீல் வைக்கச் சக்தியுள்ளவன் பெயர் ஏறியது. சக்தியற்றவன் பெயர் ஏறவில்லை. வெற்றி கண்ட முதல் தட்டே இவ்வாறு விடுபட்ட பெயரோடு பிறந்தது.

அமெரிக்காவின் தென்மாகாணத்தார் இவ்விஷயத்தில் புத்திசாலிகளாக நடந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலிஸும் தெற்கத்தியரைப் பட்டிக்காட்டார் என்று எள்ளி ஒதுக்கிவந்தன. ஒதுக்கப்பட்டவர்கள் தாங்களே கம்பெனி கட்டினார்கள். நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த மாஸ்டர் பி என்பவர் 1996இல் ஒரு பெரிய கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையில், மூலப்பதிவுகளின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, விற்பனையில் 100க்கு 85 பங்கு தமக்கு என்று எழுதி வாங்கினார். கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே கம்பெனியின் வேலை. அவர் பாட்டின் தரத்தைப் பற்றி நமக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. அவர் ஒப்பந்தத்தின் தரத்தைப் பற்றி உண்டு.

தமிழுக்கு வருவோம். இசைத்தட்டு நம்மிடம் புதிதல்ல. 1902இல் கிராமபோன் கம்பெனியின் ஆள் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து பதிவு செய்தது முதல், வெள்ளைக்காரக் கம்பெனிகள் இந்நாட்டுக் குரல்களை மெழுகில் பிடித்து விற்றுவந்தன. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் தட்டின் மூலமாகவே மலாயாத் தோட்டங்களுக்குள்ளும் வந்தார்கள். பாடியவர்க்குப் பெரும்பாலும் ஒருமுறை கொடுக்கும் தொகையோடு சரி. தட்டு ஆயிரம் விற்றாலும் இலட்சம் விற்றாலும் இலாபம் கம்பெனியைச் சேர்ந்தது. சபாவில் பாடுகிறவர்க்கே இக்கதி என்றால், பறையடிப்பவரும் ஒப்பாரி வைப்பவரும் தட்டுக்கு அருகிலும் போக முடியுமா? அவர்கள் கலையைச் சங்கீதம் என்று ஒப்பவே வித்வான்களுக்கு மனம் வரவில்லை. சாவு வீட்டுக்கு அவர்கள் வேண்டும். சங்கீத சபைக்கு வேண்டாம்.

மலேசியத் தமிழர் இத்துறையில் பின்தங்கியவர்கள் அல்லர் என்பதை இங்கே சொல்லாமற் போவது நியாயமாகாது. பினாங்கைச் சேர்ந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் 'ஆலிகேட்ஸ்' என்னும் குழு வைத்து நாடு முழுவதும் புகழ் பெற்றார்கள். ஆனால் பாடியது மலாயில். 1998இல் யோகி பி முதலிய நால்வர் 'போயட்டிக் அம்மோ' என்னும் பெயரில், பாசிட்டிவ் டோன் கம்பெனியின் வாயிலாக வெளியிட்ட தொகுப்பில், ஆங்கிலத்தோடும் மலாயோடும் தமிழும் சேர்ந்து ஒலித்தது. பின்னர் 2006இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவரும் 'நட்சத்திரா' என்ற குழுவாய்ச் சேர்ந்து 'வல்லவன்' என்னும் தமிழ்த் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். இளையராஜாவின் 1980ஆம் ஆண்டுப் பாட்டொன்றை எடுத்துச் சொல்லிசையோடு பின்னியது அதில் பெருவெற்றி பெற்றது. அதற்குப் பிறகே சென்னைச் சினிமாக்காரர்கள் கோலாலம்பூரைத் திரும்பிப் பார்த்தார்கள். 2007இல் 'பொல்லாதவன்', 2011இல் 'ஆடுகளம்' என்று யோகி பியின் குரல் படங்களில் ஏறிற்று. தாய்நாட்டிலிருந்து சரக்கு இறக்குமதி செய்தே பழகிய நாம், ஒருமுறை ஏற்றுமதியும் செய்தோம் என்பதில் பெருமை கொள்வதில் தவறில்லை. 2012இல் 'ஹிப் ஹாப் தமிழன்' என்னும் தொகுப்போடு கோயம்புத்தூர் இளைஞர் ஆதி புறப்பட்டார். அவரும் சினிமாவுக்கே போனார். தமிழ்ப் பாட்டுக்குப் பிழைப்பு சினிமாவில்தான் என்பது எழுதப்படாத விதியாயிருந்தது.

விதியை மீறியவர்கள் எவர்? 2018ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் பெயரில் பத்தொன்பது பேர் மேடையேறினார்கள். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் கூட்டிய குழு அது. சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. பறையும் கானாவும் கித்தாரும் சொல்லிசையும் ஒரே மேடையில் நின்றன. எந்தத் தோல்வாத்தியத்தைத் தொட்டால் தீட்டு என்றார்களோ அது நடுமேடையில் நின்றது. ஜனங்கள் திரண்டு வந்தார்கள். அக்குழுவின் பாட்டெழுதிகளில் ஒருவராக வந்தவர்தாம் எஞ்சினீயரிங் படித்த அறிவு. 2019இல் ஆஃப்ரோ என்னும் இசையமைப்பாளரோடு சேர்ந்து 'தெருக்குறள்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். பெயரிலேயே குறும்பு இருக்கிறது. குறளைத் தெருவுக்குக் கொண்டுவந்தார் என்றும் கொள்ளலாம், தெருவின் குரலைக் குறளாக்கினார் என்றும் கொள்ளலாம்.

நிற்க. 2021 மார்ச்சு 7ஆம் தேதி 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் பாட்டு வெளிவந்தது. பாடியவர்கள் தீ என்னும் பாடகியும் அறிவும். இசைத்தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது 'மாஜ்ஜா' என்னும் கம்பெனி. கனடா வாழ் தமிழர் சிலர், ஏ. ஆர். ரகுமானின் ஆதரவோடு, சினிமாவின் தயவின்றித் தமிழ்க் கலைஞரை உலகுக்குக் காட்டுவோம் என்று சொல்லித் தொடங்கிய கம்பெனி அது. அதன் வாயிலாக வந்த முதற்பாட்டே நாற்பது கோடிக்கும் மேற்பட்ட தடவை பார்க்கப்பட்டது. சினிமா இல்லாமல், கதாநாயகன் இல்லாமல், ஒரு தோட்டக் கூலிக் கிழவியின் கதை இவ்வளவு தூரம் போயிற்று.

அப்பாட்டில் என்ன இருக்கிறது? எஞ்சாமி என்றால் என் சாமி. நிலக்கிழாரைக் கண்டு கூலியாள் கைகட்டிச் சொன்ன சொல் அது. பேரப்பிள்ளையை மடியில் தூக்கிக் கிழவி கொஞ்சும் சொல்லும் அதுவே. அடிமைச் சொல்லை எடுத்து அன்புச் சொல்லாகத் திருப்பியதில் ஒரு பெரிய வேலை நடந்துவிட்டது. தோட்டத்தைச் செழிக்க வைத்தவள் தாகத்தோடு நின்ற கதை பாட்டின் நடுவில் வருகிறது. அவ்விடத்தில் ராப் நின்று ஒப்பாரி தொடங்குகிறது. ஆங்கிலப் பள்ளியில் படித்து, கவிதையென்றால் ஐந்து அடிச் சீராய் எண்ணிப் பழகிய நமக்கு, அவ்விடத்தைக் கேட்டபோது லயத்துக் கூடத்தில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து அழுத கிழவிகளின் நினைவே வந்தது. அவர்கள் அழுதது இலக்கியம் என்று நமக்கு எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

அந்தத் தாகத்தின் சரித்திரத்தைச் சிறிது சொல்ல வேண்டும். இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால், ஏறத்தாழ 7 இலட்சம் தோட்டத் தமிழர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேர். அவர்களை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மூட்டை பிரிப்பதுபோல் பிரித்த இந்த விவகாரத்தில், பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் நாட்டிலும் 1969க்குப் பின் வந்த வேலைப் பெர்மிட் விதியால், குடியுரிமைக் கடுதாசி இல்லாத தோட்டத் தமிழர் பலர் ராஜூலாக் கப்பலேறினார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு இங்கேயே கிழவராகிப் போனவர்களும் உண்டு. வள்ளியம்மாவைப் போன்ற பாட்டி ஜொகூரில் இல்லாத தோட்டம் எது?

இனி கணக்குக்கு வருவோம். பாட்டு உயர உயர, பாட்டெழுதியவர் பெயர் தேயத் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பு, தீயையும் கனடாத் தமிழ்ப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலையும் அட்டையில் போட்டது. 'எஞ்சாய் எஞ்சாமி'யையும் 'நீயே ஒளி'யையும் எழுதிய அறிவு அட்டையில் இல்லை. இரஞ்சித் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். கூச்சல் கிளம்பிய பிறகு அறிவுக்கென்று தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. பந்தி முடிந்தபின் தனியிலை போட்டதுபோல! 2022 ஜூலை 28இல், சென்னையில் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில், உலகத்தார் முன்னிலையில் அப்பாட்டு பாடப்பட்டது. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அங்கே இல்லை. பாட்டைத் தாம் எழுதியதையும் அதற்காக மாதக்கணக்கில் உழைத்ததையும் சொல்லி அவர் ஒரு நீண்ட குறிப்பு வெளியிட்டார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் பங்கு இன்னதென்றும், அறிவின் பெயரை எங்கும் தாங்கள் மறைக்கவில்லையென்றும் மறுமொழி கூறினார்கள். பாட்டு பலர் கை சேர்ந்து ஆவது; ஒருவரைப் புகழ மற்றவரைத் திருடர் என்று ஏசுவது நமக்கு உடன்பாடன்று. மெட்டும் வேண்டும், குரலும் வேண்டும். ஆனால் எவருடைய பாட்டியின் கதை சபையில் பாடப்படுகிறதோ, அவர் சபையில் இல்லாதது கண்ணை உறுத்தும் காட்சியே. இதைச் சொல்ல எவரும் எவர் கட்சியையும் சேர வேண்டியதில்லை.

அதைவிட வியப்பான செய்தி 2024 மார்ச்சில் வந்தது. பாட்டு வெளிவந்து மூன்றாண்டு நிறைந்த சமயத்தில், அப்பாட்டினால் தமக்கோ மற்ற கலைஞருக்கோ ஒரு காசும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே பகிரங்கமாகச் சொன்னார். கம்பெனியும் தன் விளக்கத்தை வெளியிட்டது. எது மெய் என்று தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதியல்லோம்; பேரேட்டைப் பார்த்தவர்களும் அல்லோம். ஆனால் நாற்பது கோடித் தடவை ஓடிய பாட்டின் கணக்கில் இப்படியொரு வழக்கு எழ முடிகிறதென்றால், அந்தக் கணக்குமுறை எத்தகையது என்று பார்க்கலாமல்லவா? கிராணி வேலை பார்க்கிறவனுக்கு அது ஒன்றாவது தெரியும்.

இசைக் கம்பெனி பாடகனுக்கு முதலில் முன்பணம் தருகிறது. அது பரிசன்று, கடன். பாட்டு சம்பாதிக்கும் பணத்தில் பாடகன் பங்கு என்று எழுதப்பட்டதிலிருந்து அக்கடன் கழிக்கப்படும். ஒலிப்பதிவுச் செலவு, படப்பிடிப்புச் செலவு, விளம்பரச் செலவு ஆகியவையும் ஒப்பந்தத்துக்குத் தக்கபடி அவன் பற்றில் ஏறும். இக்காலத்தில் இணையத்தில் பாட்டு விற்கும் நிறுவனங்கள் சந்தாப் பணத்தை ஒரு குவியலாகச் சேர்த்து, எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடிற்று என்ற விகிதப்படி பிரிக்கின்றன. அப்பணம் பாடகன் கைக்கு வருவதில்லை, மூலப்பதிவு எவர் பெயரில் இருக்கிறதோ அவர் கைக்கே முதலில் போகிறது. அவர் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். மிச்சம் இருந்தால்!

இதை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. கூலியாள் பட்ட கடனை ஒரு சீட்டில் எழுதி வைத்திருப்பார்கள். அந்தத் தொகையை வேறு தோட்டத்துக் கங்காணி கொடுத்தால், ஆள் அந்தத் தோட்டத்துக்குப் போவான். கடன் அவனோடேயே போகும். கப்பல் செலவும் அரிசியும் கம்பளியும் சேர்ந்த அக்கடன் தீர்ந்ததாகச் சரித்திரம் குறைவு. அம்முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இரு நாட்டிலும் கங்காணிக்குத் தன் ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு உண்டு. வள்ளியம்மாவின் தலைமுறையும் அதற்கு முந்திய தலைமுறையும் எந்தக் கணக்கில் சிக்கினவோ, அதன் தங்கச்சி முறையான கணக்கிலேயே பேரனும் போய் நின்றான் என்றால், சரித்திரம் மிகுந்த நகைச்சுவை உணர்ச்சி உடையது போலும். கங்காணியும் 'உன் நன்மைக்கே கூட்டிப்போகிறேன்' என்றுதான் ஊரில் வந்து சொன்னான். சில கங்காணிகள் அதை மெய்யாகவே நம்பியும் சொன்னார்கள்.

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் தம் ராயல்டிப் பங்கை வேண்டாமென்று எழுதிக்கொடுத்தாலும் அவ்வெழுத்துச் செல்லாது என்பது அத்திருத்தத்தின் சாரம். நல்ல ஏற்பாடு. சினிமாக் கம்பெனிகள் நெடுநாள் எதிர்த்து வந்த ஏற்பாடு என்பதிலிருந்தே அது நல்லது என்று தெரிந்துகொள்ளலாம். மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வழங்குகிறது. எழுதியவர் ஆயுட்காலமும் அதற்குமேல் 50 ஆண்டும் உரிமை நிற்கும். அதை மற்றொருவருக்கு மாற்றுவதானால் எழுத்து மூலமாகவே மாற்ற வேண்டும். ஆகவே வாய்ப்பேச்சில் போகாது, கையெழுத்தில் போகும். நம் பிள்ளைகள் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பிறகு வந்து கேட்கிறார்கள்.

மக்கள் பாடிய பழம்பாட்டின் கதி இன்னும் மோசம். ஒப்பாரிக்கு ஆசிரியர் பெயர் இல்லை. பெயரில்லாத பொருளை எவர் முதலில் பதிவு செய்கிறாரோ, அவர் பெயரில் அந்தப் பதிவு நிற்கிறது. ஜொகூர்த் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம்மவர் மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் பாசிர் கூடாங்குக்கும் குடிபெயர்ந்து, பாதிப்பேர் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். லயத்தில் மிஞ்சியிருக்கும் கிழவிகள் சிலரே. அவர்கள் வாயிலுள்ள பாட்டை எழுதிவைக்க ஒரு பேனாவும் நாற்பது பக்க நோட்டும் போதும். பாடியவர் பெயரை முதற்பக்கத்தில் எழுதுவதற்கு அதிகச் செலவில்லை.

அறிவு தம் புதிய தொகுப்பைத் தம்முடைய 'அம்பாசா' குழுவோடு சேர்ந்து உருவாக்கினார். 'எஞ்சாய் எஞ்சாமி' ஓடிய தூரம் இது ஓடவில்லை. அதனால் இது தாழ்ந்தது என்று நாம் கருதவில்லை. பாட்டியின் பெயரும் பேரனின் உறவும் தொகுப்பின் தலைப்பிலேயே நிற்கின்றன. அட்டையிலிருந்து அவற்றை நீக்க இனி ஒரு பத்திரிகையாலும் முடியாது. செக்ரோலில் பேர் இல்லாவிட்டால் வெட்டிய பாலுக்குக் கூலி இல்லை என்பதைத் தோட்டத்தில் பிறந்த குழந்தையும் அறியும். அதை அறிந்தவன் வைத்த தலைப்பு அது.

சென்ற மாதம் பட்டணத்து இளைஞர் ஒருவர், சொல்லிசை பாடுகிறவர், ஒரு கம்பெனி கொடுத்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். ஆங்கிலம் படித்தவர் என்று யாரோ நம் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். பதினொரு பக்கம். நான்காம் பக்கத்தில், மூலப்பதிவு உலகெங்கும் என்றென்றைக்கும் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரு வரி. அந்த 'என்றென்றைக்கும்' என்பது எத்தனை வருஷம் என்று கேட்டார். சொன்னோம். முன்பணம் எவ்வளவு என்று நாம் கேட்டோம். அவர் சொன்ன தொகை, இரண்டு மாதத் தோட்டச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கடுதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாலாம் பக்கத்தை மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன் அண்ணே என்று சொல்லிப் போனார்.